காளான் இடத்துக்கு ஓர் உரிமம்

வென்டெலின் ஹ்ரூபெஷ், ப்ர்னோ நகர டிராம்களில் பயணச்சீட்டு இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். ஐம்பத்தேழு வயது. சிரித்தால் மீசை மட்டும் அசையும். காளான் பறிக்கப் புறப்பட்டால் உளவாளியாகிவிடுவார். இறங்கவேண்டிய நிலையத்துக்கு ஒன்று முன்னதாகவே இறங்குவார். காட்டில் எதிரே யாராவது வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புதருக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவார். அப்படி உட்கார்ந்தவரிடம் யாரும் நின்று பேச்சுக் கொடுப்பதில்லை.

காளான் கிடைக்கும் இடத்தை எங்கள் ஊரில் எவரும் எவருக்கும் சொல்வதில்லை. ஆனால் வென்டெலின் எழுதிய கணினி நிரல் ஊருக்கே திறந்து கிடந்தது. கோஷீக், அதாவது கூடை, என்று அந்தச் செயலிக்குப் பெயர். காளானைப் படம் பிடித்தால் இன்னதென்று சொல்லும். காட்டில் எங்கே நிற்கிறோம் என்று காட்டும். அதன் உரிமம் மிகச் சிறியது: எடுத்துக்கொள், என்ன வேண்டுமானாலும் செய், என் பெயரை மட்டும் நீக்காதே.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் மருந்துக்கடை ராடிம் எடுத்துக்கொண்டார். அதுவரை இருவரும் சேர்ந்துதான் எழுதினார்கள். ரொட்டித்தூளில் புரட்டி வறுத்த குடைக்காளானையும் செயலி அடையாளம் காணவேண்டும் என்றார் ராடிம். தட்டுக்கு வந்துவிட்டால் அது காளான் அல்ல, சாப்பாடு என்றார் வென்டெலின். ராடிம் மொத்த நிரலையும் நகலெடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனார். புதிய செயலிக்கு நூஷே, முதுகுக்கூடை, என்று பெயர் வைத்தார். அதற்கு வேறு உரிமம்: எடுக்கலாம், ஆனால் இதைக் கலந்து எதை வெளியிட்டாலும் இதே நிபந்தனையோடு, முழு நிரலையும் திறந்து வைத்துத்தான் வெளியிடவேண்டும்.

ஆக, கூடையிலிருந்து முதுகுக்கூடைக்கு எதுவும் போகலாம். அங்கிருந்து ஒரு வரிகூடத் திரும்பி வரமுடியாது.

வென்டெலினுக்கு இதில் வருத்தமில்லை, இந்த ஜூன் மாதம்வரை. அப்போதுதான் தன் செயலியை நம்பிக் காட்டுக்குள் போய், சிக்னல் இல்லாமல் வழி தவறி, ஏரிக்கரையில் உடையில்லாமல் வெயில் காய்பவர்கள் நடுவே கூடையோடு வந்து நின்றார். எதை மறைப்பது என்று தெரியாமல் கூடையால் தன் முகத்தை மறைத்துக்கொண்டார். திரும்பும் வழியைச் சிக்னல் இல்லாமலே காட்டும் நிரல் நூஷேயில் இருந்தது. நூற்றுப்பன்னிரண்டு வரிகள்.

கோஷீக்கைக் கைக்கடிகாரத்துக்குள் வைத்து விற்கும் சிறு பட்டறை ஒன்று உண்டு. செப்டம்பர் பதினைந்துக்குள் அந்த வசதி வராவிட்டால் வேறு செயலிக்குப் போய்விடுவோம் என்று எழுதிவிட்டார்கள். அவர்களும் போனால் கோஷீக்குக்கு மிஞ்சுவது வென்டெலின் மட்டுமே.

புதன்கிழமை மதுக்கடையில் பேச்சு ஆரம்பித்தது.

"ராடிம், அந்த நூத்திப்பன்னெண்டு வரியக் குடுப்பா."

"தாராளமா எடுத்துக்கோ. உன் உரிமத்தத் தூக்கிப் போட்டுட்டு என்னோடதுக்கு மாறிடு."

"மாறினா கடிகாரத்துல இருக்கற நிரல் முழுசையும் தெறந்து காட்டணும். கடிகாரக்காரன் ஓடிடுவான்."

"அப்ப நீயே எழுது."

"உன்னதப் படிச்சுத் தொலைச்சிட்டேனே! இனிமே நான் என்ன எழுதினாலும் உன்னத மாதிரியேதான் வரும்."

ராடிம் நுரையை ஊதினார். "எழுதினது மூணு பேரு. மூணு பேரும் சரின்னா அந்தத் துண்ட மட்டும் உன் உரிமத்துலயும் தரலாம். நான் சரி. மத்தவங்களக் கேளு."

ஒலோமோட்ஸில் படிக்கும் மாணவன் நான்கு நிமிடத்தில் சம்மதம் அனுப்பிவிட்டான். மூன்றாமவர் ஸ்வதாவா, பொய்ப்பற்கள் செய்பவர். அவர் பதில் எழுதவில்லை. அடுத்த புதன்கிழமை நேரிலேயே வந்து உட்கார்ந்தார்.

"முப்பத்தோரு வரி என்னோடது. தர்றேன். உங்க எடம் எங்கன்னு காட்டுங்க."

"எந்த எடம்?"

"நடிக்காதீங்க. போன அக்டோபர்ல கூடைய துண்டு போட்டு மூடிட்டு டிராம்ல வந்தீங்களே, டிராமே மணந்துச்சு."

"அது... எங்க அத்த சுட்ட ரொட்டி."

"ரொட்டி மேல நத்த ஊருமா?"

"வேற ஏதாவது கேளுங்கம்மா. என் சிறுநீரகம் ஒண்ணு தரட்டுமா?"

"அத யாரு வதக்கித் தின்றது?"

இரண்டு வாரம் வென்டெலின் பழுது பார்த்த இயந்திரங்கள் எல்லாம் பயணிகளுக்குச் சீட்டை இரண்டிரண்டாகக் கொடுத்தன. பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை, அவர் இறங்கிவந்தார். சாட்சிக்கு நானும் போனேன். அன்றும் எங்களை ஒரு நிலையம் முன்னதாகவே இறக்கினார்.

பீச் மரச் சரிவில் கடைசிப் புதரை விலக்கியதும் ராடிம் தெரிந்தார். கையில் கத்தி, பக்கத்தில் நிறைந்த கூடை. அவர் தலைக்கு மேலே மரத்தில் ஒரு தகரப்பலகை: 'இந்த இடம் வென்டெலின் ஹ்ரூபெஷுடையது.'

"நீ எப்பிடிடா இங்க?" வென்டெலினின் மீசை ஆடியது, அது சிரிப்பல்ல.

"உன் நிரல்லதான் இருந்துச்சு. செயலி சரியா ஓடுதான்னு பாக்கற கோப்புல மாதிரிக்கு ஒரு எடத்தக் குறிச்சிருந்தியே. பன்னெண்டு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை வர்றேன். நீதான் ஞாயித்துக்கிழமை ஆளாச்சே. உரிமத்துல சொன்ன மாதிரி பேரப் போட்டிருக்கேன் பாரு, வரும்போது மாட்டுவேன், போறப்பக் கழட்டிடுவேன்."

வென்டெலின் பாசிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப உலகத்துக்கே தெறந்து போட்ட எடத்தக் காட்டியா என்கிட்ட சம்மதம் வாங்கப் பாத்தீங்க?" என்றார் ஸ்வதாவா.

"என்கிட்ட வேற எடமே இல்லம்மா. நாளன்னிக்கு கெடு."

ஸ்வதாவா தரையைப் பார்த்தார், ராடிமின் கூடையைப் பார்த்தார்.

"இங்க வெட்டின தடம் நாலுதான் இருக்கு. ஆனா உங்க கூடை நெறைஞ்சிருக்கே. இங்கேர்ந்து போயி மிச்சத்த எங்க பறிக்கறீங்க ராடிம்?"

"எங்கயும் இல்லியே."

"எடுத்தத வச்சு வளத்தா, வளத்ததையும் தெறந்து வைக்கணும்னு மூச்சுக்கு மூச்சு சொல்றவரு நீங்க. இவர் எடத்துலேர்ந்துதான கெளம்பிப் போனீங்க?"

"அது நிரலுக்குங்க!"

"காளானுக்கு மட்டும் வேற நியாயமா?"

ராடிம் கத்தியை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். "மேட்டு மேல. ஓடைக்கு அந்தப் பக்கம்," என்றார், பல் பிடுங்கக் கொடுத்தவர் குரலில்.

ஸ்வதாவா கைபேசியில் சம்மதத்தைத் தட்டினார். சிக்னல் இல்லை.

"மேட்டுல கெடைக்குமா?"

"கெடைக்கும்."

"அங்க போயி அனுப்பறேன். நடங்க."

ராடிம் கைதிபோல் முன்னே நடந்தார். ஓடையைத் தாண்டினோம். பழுப்புத் தொப்பிக் காளான்கள் கால் வைக்க இடமின்றி நின்றன. ஸ்வதாவா விரலை அழுத்த, வென்டெலினின் சட்டைப்பையில் மணி ஒலித்தது. அவர் எடுத்துப் பார்க்கவில்லை, ஏற்கெனவே மண்டியிட்டுவிட்டார்.