தைலம் வாங்கினால் புத்தகம் இலவசம்

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தைலப் புட்டியின் மூடியைத் திருகுகிறார். யூகலிப்டஸின் காரம் சுருக்கென்று மூக்கில் ஏறுகிறது. அவருக்குச் சளி இளகும். இந்த வாசத்தில் சிலருக்கு மலை ஞாபகம் வரும், சிலருக்குத் தேனிலவு ஞாபகம் வரும். எனக்கு வருவது விளம்பரம். என் முதல் புத்தகத்தை ஊருக்குத் தெரியப்படுத்த நான் தேர்ந்தெடுத்த கருவிகளின் நீண்ட, வெட்கங்கெட்ட ஊர்வலம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில் குடியிருந்தோம். பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை. மனைவி அங்கேயே மூன்றாம் வகுப்பு டீச்சர். பகலெல்லாம் பிறருடைய விடுப்பு விண்ணப்பங்களைத் தட்டிவிட்டு, மாலையில் மஞ்சைப் பற்றி, மலையில் தவழும் அந்த மூடுபனியைப் பற்றி எழுதினேன். மஞ்சு எப்படிக் கல்லறைச் சுவரைத் தாண்டுகிறது, எப்படிக் கேரட் வயலில் படுக்கிறது, எப்படிக் கிணற்றுக்குள் இறங்குகிறது. வசனமா கவிதையா என்று கேட்டவர்களை அற்பமாகப் பார்த்தேன். பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். சில பிரதிகள் திரும்பி வந்தன. வராதவற்றின் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. அவையாவது யாருக்கோ எதற்கோ பயன்பட்டிருக்கும்.

ஆகவே நானே பதிப்பகம் ஆனேன். பதிப்பகம் என்றால் கட்டிலடியில் ஒரு தகரப்பெட்டி, மேசைமேல் ஒரு ரப்பர் ஸ்டாம்பு. ஸ்டாம்பில் என் பெயருக்குக் கீழே 'நிர்வாகி' என்று இருந்தது. மனைவி அதை எடுத்துத் தன் உள்ளங்கையில் குத்திப் பார்த்தாள்.

"நிர்வாகி ஐயா, மண்ணெண்ணெய் தீர்ந்துபோச்சு. நிர்வாகத்த வச்சுட்டு வெரசா கடைக்குப் போயிட்டு வாங்க."

சிரித்துக்கொண்டே போனேன். எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என்னைத் தெரியாத ஒருவர், என் முகதாட்சண்யத்துக்காக அல்லாமல், அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கீழே வைக்க மனமில்லாமல் இருக்க வேண்டும். ஒருவர் போதும். ஆனால் அதைச் சீசன் முடிவதற்குள் செய்தாக வேண்டும். மழை பிடித்துவிட்டால் கொடைக்கானலில் காகிதம் காகிதமாக இருக்காது. பூசணம் பூத்து, பசை இளகி, அட்டை அப்பளமாகிவிடும். மஞ்சைப் புகழ்ந்து எழுதியவனின் புத்தகத்தை மஞ்சே தின்னக் காத்திருந்தது.

அச்சடிக்கப் பழனிக்கு இறங்கினேன். அடிவாரத்தில் ஓர் அச்சகம். காவடிப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, பஞ்சாமிர்த லேபிள், எல்லாம் ஒரே இயந்திரத்தில். உட்பக்கங்களுக்குப் புரூஃப் பார்த்தேன், ஒற்றுக்கு ஒற்று சண்டை போட்டேன். அட்டை கடைசியில்தான் அச்சாகும் என்றார்கள். பெயர் மட்டும் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மலையேறிவிட்டேன்.

கட்டுகள் பஸ்ஸின் கூரைமேல் வந்து சேர்ந்தன. முதல் கட்டைப் பிரித்தால், அட்டையின் உச்சியில் தோகை விரித்த மயில். மயிலுக்குக் கீழே 'முருகன் துணை'. அதற்கும் கீழே, இடம் கிடைத்த அளவில், என் புத்தகத்தின் பெயர்.

அடுத்த பஸ்ஸில் பழனிக்கு இறங்கினேன். அச்சக உரிமையாளர் எல்லாரையும் 'சாமி' என்றே அழைப்பவர்; பழனியில் வருகிறவர் போகிறவர் எல்லாரும் சாமிதான்.

"நான் மயில் கேக்கலையேங்க?"

"நீங்க கேக்கல சாமி. நம்ம மெஷினு கேக்கும். மயிலு வைக்காம ஒரு அட்ட நம்ம பிரஸ்ஸ விட்டு வெளிய போனதில்லைங்க. ரைஸ்மில்லு பில்புக்குக்கே வச்சுத்தான் குடுக்குறோம்."

"நான் வேதக்காரன்ங்க. சர்ச்சுக்குப் போறவன்."

"அதனால என்னங்க? மயிலு அதெல்லாம் பாக்காது."

அவர் முகத்தில் கேலி இல்லை. ஒரு கிண்ணம் பஞ்சாமிர்தம் கொடுத்தார். தின்றுவிட்டுத் திரும்பினேன். பஞ்சாமிர்தம் நன்றாக இருந்தது என்பதில்தான் எனக்கு அதிகக் கோபம்.

மலைமேல், மாதா கோயில் வளாகத்தை ஒட்டி ஜெபப் புத்தகங்கள் விற்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் என் ஞானஸ்நானத்துக்கே வந்திருந்தவர். அட்டையைப் பார்த்தார். புத்தகத்தைத் திறக்கவில்லை.

"உள்ள நல்லாத்தான் எழுதியிருப்பீங்க தம்பி. ஆனா உள்ள பாக்குறதுக்கு முன்னால வெளிய பாத்துட்டேன்ல?"

சரி, மயில் செல்லுபடியாகும் ஊருக்கே கொண்டுபோவோம் என்று அடிவாரக் கடை ஒன்றில் சில பிரதிகளை வைத்தேன். பக்தர் ஒருவர் ஆசையோடு எடுத்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், புரட்டினார், இன்னும் புரட்டினார். "பாட்டு எதையும் காணோமே?" என்று கடைக்காரரைக் கேட்டார். மறுபடி கண்ணில் ஒற்றி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். மேலே, வெளியே இருந்தது குற்றம். கீழே, உள்ளே இல்லாதது குற்றம்.

வீட்டுக்கு வந்து அட்டையைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "தோலுரிச்ச கோழியத்தான் காசு குடுத்து வாங்குவாக. தோலுரிச்ச புஸ்தகத்த எவன் வாங்குவான்?"

இந்த நிலையில்தான் எனக்கு ஒரு வியாபார ஆலோசகர் வாய்த்தார். ஏரிச் சாலையில் தைலக்கடை வைத்திருந்தவர். யூகலிப்டஸ் தைலம், வீட்டுச் சாக்லேட், கம்பளிக் குல்லா. சுற்றுலாக்காரர்களிடம் பேசிப்பேசி அவர் வாயில் பாதி வார்த்தை இங்கிலீஷாகியிருந்தது. புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், கையில் எடை போட்டுப் பார்த்தார்.

"ஐட்டம் நல்ல ஐட்டம்ண்ணே. பப்ளிசிட்டிதான் வீக்கு. மொதல்ல ஒரு ஃபங்ஷன் போடுங்க."

ஃபங்ஷன் போட்டேன். பள்ளிக்கூட மண்டபம், காகிதத் தோரணம், வாடகை மைக். சிறப்பு விருந்தினராக ஊர்ப் பிரமுகர் ஒருவர். அவர் மஞ்சைப் பற்றிப் பேசவில்லை, என்னைப் பற்றியும் பேசவில்லை. ஊட்டியைவிடக் கொடைக்கானல் எந்தெந்த விதத்தில் உயர்ந்தது என்று விரிவாக விளக்கினார். கை தட்டினார்கள். போகும்போது பொன்னாடையை மறக்காமல் மடித்து எடுத்துக்கொண்டார். அவர் நாற்காலியில் என் புத்தகம் உட்கார்ந்திருந்தது, அவரைவிடக் கவனமாகக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு. வாங்கியவர்கள் என் அலுவலகத்துக்காரர்கள். மறுநாள் என் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் வேறு பக்கமாக நடந்தவர்களும் அவர்களே.

"ஃபங்ஷன்ல படிச்சவன்தான் வருவான்ண்ணே, அவன் எதையும் வாங்க மாட்டான். சினிமா ஸ்லைடு போடுங்க. அது மாஸ்ஸு" என்றார் ஆலோசகர்.

போட்டேன். கண்ணாடித் துண்டில் மை பூசி, ஊசியால் கீறி எழுதிக் கொடுத்தார்கள். இடைவேளையில் பீடிக்கும் பல்பொடிக்கும் நடுவே என் வரிகள் திரையில் தோன்றின. தலைகீழாக. கொட்டகை விசிலடித்தது. ஆபரேட்டர் பதறிப்போய்த் திருப்பி வைத்தார். இப்போது இடவலம் மாறியிருந்தது. அதற்கு மேல் அவருக்குப் பொறுமை இல்லை, பல்பொடியைப் போட்டுவிட்டார். கூட்டத்தில் யாரோ, "ஏலே, பல்லு தெளிவாத் தெரியுதுடா!" என்றான். அந்த ஊரில் என் எழுத்துக்குக் கிடைத்த முதல் பொதுக்கருத்து அதுதான்.

ரோஸ் காகிதத்தில் நோட்டீஸும் அடித்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கொடைக்கானல் வேர்க்கடலை அந்தச் சீசனில் ரோஸ் பொட்டலத்தில் கிடைத்தது.

இந்தக் கருவிகளுக்கெல்லாம் ஒரு பொது குணம் உண்டு. புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவை விற்கும். விழா பிரமுகரை விற்கும், ஸ்லைடு கொட்டகையை விற்கும், நோட்டீஸ் கடலையை விற்கும். எழுதியவன் மட்டும் கதவருகே நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருப்பான். அன்று எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் கும்பிட்டேன்.

மே மாதக் கடைசி. மேகம் கறுக்கத் தொடங்கியது. தகரப்பெட்டியைத் திறந்தால் ஈரவாடை. மேல்வரிசைப் பிரதி ஒன்றின் ஓரத்தில் பச்சையாக ஒரு புள்ளி. அன்று மாலையே தைலக்கடைக்குப் போனேன். ஆலோசகர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"ஒரு பாட்டிலுக்கு ஒரு புக்கு. நூலப் போட்டுச் சேத்துக் கட்டிருவோம். தைலம் வாங்குனா புஸ்தகம் ஃப்ரீ."

"புஸ்தகம் வாங்குனா தைலம் ஃப்ரீன்னு போடலாமே?"

என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அண்ணே, கடைய மூடச் சொல்றீங்களா?"

கட்டினோம். நானும் உட்கார்ந்து கட்டினேன். கிணற்றுக்குள் இறங்கும் மஞ்சின் நெஞ்சில் தைலப் புட்டியை வைத்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டேன். சில புட்டிகளின் மூடி சரியில்லை. ஒழுகி, அட்டையில் எண்ணெய்த் திட்டு விழுந்தது, மயிலின் தோகை இன்னும் பளபளத்தது. சில நாட்களில் சரக்கு முழுவதும் காலி. ஆலோசகர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தீங்களா, சக்ஸஸ்!" நானும் குலுக்கினேன். காலிப் பெட்டியைக் கட்டிலடியில் தள்ளியபோது ஒரு வெற்றி வீரனின் நடை என் காலில் இருந்தது.

அந்த நடை மறுநாள் மனைவி கடைத்தெருவிலிருந்து வரும்வரை நீடித்தது.

"உங்க புஸ்தகம் பூரா பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கு. டிக்கெட் கெடைக்கல போல. போய்ப் பாருங்க."

போனேன். அவள் சொன்னது உண்மை. டிக்கெட் ஜன்னலின் விளிம்பில் இரண்டு. தண்ணீர்க் குழாயின் மேல்திட்டில் ஒன்று. மரத்தின் கவட்டையில், பறவை முட்டை இட்டதுபோல் ஒன்று. டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒரு சின்ன அடுக்கே இருந்தது. நூல் அறுத்து, தைலத்தை எடுத்துக்கொண்டு, புத்தகத்தை விட்டுப் போயிருந்தார்கள். ஆனால் ஒன்றுகூடத் தரையில் இல்லை. ஒன்றின் மேலும் கால் படவில்லை. எல்லாம் இடுப்புக்கு மேலே, பக்குவமாக, மயில் மேலே பார்க்க.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "கீழ போட மனசு வருமாங்க? சாமி பேரு போட்டிருக்குல்ல. வாசிக்கவும் முடியல, வீசவும் முடியல. இப்புடி வச்சுட்டுப் போயிடுறாக."

நான் கேட்காமல், வேண்டாமென்று சண்டை பிடித்த அந்த மயில்தான், நான் தேடித் தேர்ந்தெடுத்த கருவிகள் எல்லாவற்றையும்விட என் புத்தகத்தைக் காப்பாற்றியிருந்தது. சகதியிலிருந்து மட்டும். வாசகனிடம் கொண்டுசேர்ப்பது மயிலின் வேலையல்ல.

ஒவ்வொன்றாக எடுத்து மார்போடு அடுக்கிக்கொண்டேன். தைல வாடை கண்ணைக் கரித்தது. வாடை மட்டும்தான் காரணம் என்று அன்றைக்கு நம்பினேன். பழனி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மஞ்சு அதன் சக்கரங்கள் வரை இறங்கியிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம், என்னைக் கூப்பிட்டார்.

"ஏங்க, பாலசமுத்திரம் போகணும். இந்த பஸ்ஸு சரிதானுங்களா?"

"பழனியில எறங்கி மாறணும்ங்க."

தலையாட்டினார். அவர் மடியில் தைலப் புட்டி. கையில் என் புத்தகம், விரல் ஒன்று பக்கத்துக்குள் செருகியிருந்தது. ஜன்னலை ஒட்டிப் போனேன்.

"அந்தப் புஸ்தகம் வேணாம்னா குடுத்துருங்க. எல்லாத்தையும் சேத்துக்கிட்டிருக்கேன்."

என் மார்பிலிருந்த அடுக்கைப் பார்த்தார். "பழைய பேப்பர் எடுக்குறவங்களா?"

"ஆமாங்க" என்றேன். அந்த நேரத்தில் அதைவிடப் பொருத்தமான பதவி எனக்கு இல்லை. பழைய பேப்பர் நிர்வாகி.

"இத எழுதுனவனுக்கு வேற சோலியே இல்ல போலருக்கு. ஒரு பக்கம் பூரா மஞ்சு கெணத்துக்குள்ள எறங்குது, எறங்குதுன்னு எழுதியிருக்கான். எறங்கி என்ன செஞ்சுச்சுன்னு சொல்லல."

"அடுத்த பக்கத்துல இருக்கும்ங்க."

"பாத்துட்டேன். அடுத்த பக்கத்துலயும் எறங்கிக்கிட்டுத்தான் கெடக்கு."

"அப்ப குடுத்துருங்களேன்" என்று கையை நீட்டினேன்.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் ஒருமுறை குலுங்கி நகர்ந்தது. அந்த அம்மா புத்தகத்தை எனக்கு எட்டாதபடி மறுபக்கம் ஒதுக்கிக்கொண்டு, மடியிலிருந்த புட்டியை எடுத்து ஜன்னல் வழியே என் கையில் திணித்தார்.

"தைலத்த வேணா வச்சுக்கங்க. அந்த மஞ்சு அடியில போயி முட்டுச்சா இல்லையான்னு பாக்காம இத எப்புடிங்க குடுக்குறது?"