ஜெயபாரதி வாங்கிய டார்க் ரெஞ்ச்

ஜெயபாரதிக்குச் சும்மா இருப்பது என்றால் ஆகவே ஆகாது. குக்கர் விசில் அடிப்பதற்குள் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்துவிடுகிற ஆள். சோமனூரில் கணவன் சண்முகவேல் வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருக்க, இவள் ஒரு பழைய ஆம்னி வேனை வாங்கித் தனியாகத் தொழிலில் இறங்கியதற்கும் அந்தப் பரபரப்புதான் காரணம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டிய துணியை ஏற்றிப்போய், தாராபுரம் பக்கம் வீட்டில் தைத்துக் கொடுக்கும் பெண்களிடம் இறக்குவாள். தைத்ததைத் திரும்பக் கம்பெனியில் சேர்ப்பாள். வண்டிக்கு ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது, பெல்ட் மாற்றுவது எல்லாம் வீட்டு வாசலில் அவளேதான்.

இரண்டாயிரத்து ஆறு கோடையில் தாராபுரம் ரோட்டில் முன்சக்கரம் பஞ்சரானது. ஸ்டெப்னி மாட்ட எவ்வளவு நேரமாகிவிடும் என்று இறங்கினாள். நட்டு ஒன்றுகூட அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றும் பார்த்தாள். போகிற வருகிற ஆண்களெல்லாம் வண்டியை நிறுத்தினார்கள். "நீங்க தள்ளிக்கங்கம்மா" என்று அவளைப் புளியமர நிழலில் உட்கார வைத்தார்கள். ஒருத்தர் டீ கூட வாங்கி வந்து கொடுத்தார். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அந்த நிழலும் டீயும் அவளுக்கு முள்ளாகக் குத்தின. நட்டு கழன்றபோது பொழுது சாய்ந்துவிட்டது. சரக்கு நேரத்துக்கு வராததால் அதற்குரிய கம்பெனி வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு கம்பெனி. இன்னொரு தடவை தாமதமானால் அதுவும் போச்சு, தொழிலும் போச்சு.

சக்கர வேலை மட்டும் பார்த்துக்கொடுக்கும் மெக்கானிக் நல்லானிடம் போய்ச் சண்டை போட்டாள். ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி முடுக்குவது அவன் வழக்கம். "டைட்டா இருந்தாத்தானுங்க பத்திரம்" என்றான். இனிமேல் சக்கரத்தில் யார் கையும் படக்கூடாது, அளவோடு முடுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்றை வாங்கித் தானே முடுக்குவது என்று அங்கேயே முடிவு செய்தாள்.

டூல்ஸ் கடைக்காரர் பொன்னுச்சாமி, "சாருக்குங்களா?" என்றார்.

"எனக்குத்தானுங்க."

அவர் முதலில் எடுத்து வைத்தது கை நீளத்துக்கு இருந்தது. "லாரிக்கே தாங்குமுங்க" என்றார். வேனோடு வந்த புத்தகத்தைப் பிரித்து நட்டுக்கான அளவைப் பார்த்தாள். அந்த ரெஞ்சின் அளவே அதற்கு மேல்தான் ஆரம்பித்தது. அடுத்தது, முடுக்க முடுக்க அளவை முள் காட்டும் ரகம். அவள் கடைக்குள்ளேயே குந்தி, சக்கரத்தை முடுக்குவதுபோல் பாவனை செய்து பார்த்தாள். பலம் கொடுக்கிற நேரத்தில் கண் முள்ளுக்குப் போகவில்லை. வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். மூன்றாவது, அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லுகிற ரகம். புத்தகத்து எண் அதன் அளவுகளில் நடுவாக்கில் வந்தது. கடை மேஜையில் இருந்த வைஸ் இடுக்கியில் ஒரு போல்ட்டைப் பிடிக்கச் சொல்லி முடுக்கினாள். ரோட்டு இரைச்சலில் சத்தம் கேட்காவிட்டாலும் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

"டக்குனு சொன்னதும் நிறுத்திரோணுமுங்க. கழட்டறதுக்கு இத எடுக்காதீங்க. வேலை முடிஞ்சா அளவைக் கீழ எறக்கி வையுங்க..." என்று பொன்னுச்சாமி சொல்லச் சொல்ல அவள் வாசலில் இறங்கிவிட்டாள்.

அன்றைக்கே, கடைசியாக ஒருமுறை நல்லானைக் கூப்பிட்டு எல்லா நட்டையும் இளக்க வைத்து, தானே துடைத்து அளவாக முடுக்கினாள். பிறகு சாதா ஸ்பேனரால் கழற்றியும் பார்த்தாள். இரண்டு கையால் அழுத்தினால் போதுமாக இருந்தது. "இனி எனக்கு யாரோட தயவும் வேண்டாமுங்க" என்று சண்முகவேலிடம் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டுத் தறிக்குப் போய்விட்டான்.

ஆடியில், தைத்த சரக்கை ஏற்றிக்கொண்டு அதே ரோட்டில் வரும்போது பின்சக்கரம் காற்று இறங்கியது. ஒரு பயமும் இல்லாமல் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினாள். அசையவில்லை. ஏறி மிதித்தாள். அசையவில்லை. கம்பெனியில் குடோன் பூட்டுகிற நேரம் கண்முன் வந்து நின்றது. வேறு வழியில்லாமல் சண்முகவேலுக்குப் போன் செய்து, பஞ்சர், ஸ்டெப்னி மாட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

அவன் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் பறந்து வந்தான். இறங்கியதும் பின்னால் கட்டியிருந்த இரும்புக் குழாயை அவிழ்த்தான். அவள் அதையே பார்த்தாள்.

"நான் பஞ்சர்னுதானுங்க சொன்னேன். கொழாய எதுக்குக் கொண்டாந்தீங்க?"

சண்முகவேல் குழாயைத் தரையில் ஊன்றினான். "தறி ஆடற ஆட்டத்துல நட்டெல்லாம் தானா கழண்டுக்கும் பாரதி. தெனமும் காலைல ஒரு சுத்து முடுக்கறனல்லோ... அப்பிடியே வேனுக்கும் ஒரு முடுக்கு."

"தெனமுமா?"

"தெனமும்."

"கழண்டா வண்டி ஆடறதுலயே தெரியும், நிறுத்தி முடுக்கிக்குவேன். கழட்ட முடியலீன்னா நான் ஆரைப் போய்ப் பாக்கறதுங்க?"

அவன் குழாயைக் கை மாற்றிப் பிடித்தான். "எனக்குப் போன் பண்ணுவயல்லோ" என்றான். "வண்டி வாங்குனதுல இருந்து இன்னைக்குத்தான் பண்ணியிருக்கற."

வந்த கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஆனால் சரக்கு காத்திருந்ததே. "மொதல்ல இதக் கழட்டுங்க" என்றாள். குழாயின் மேல் இரண்டு பேரும் சேர்ந்து ஏறி நின்ற பிறகே முதல் நட்டு முனகிக்கொண்டு திரும்பியது. ஸ்டெப்னியை மாட்டி அவள் ரெஞ்சால் முடுக்கியபோது, அவன் குழாயை டி.வி.எஸ்.ஸில் கட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். குடோன் பூட்டுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்து வசவு வாங்கினாள். வேலை மட்டும் கையைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் மதியம் கம்பெனியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவனுக்குப் போன் செய்தாள்.

"எங்க நிக்கற? இதா வந்தர்றேன்" என்று தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினான்.

"எங்கயும் நிக்கலீங்க. வண்டி நல்லா ஓடுது. சாப்டீங்களா?"

தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"இன்னும் இல்ல பாரதி" என்றான். "நீ சாப்டயா?"