பர் துபாயில் ஒரு பழைய பேஸ்பால் சட்டை

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ஈசா டவுன் வீட்டிலிருந்து கிளம்பினேன். கைப்பையில் இஞ்ச் டேப், நோட்டு, பென்சில், இரண்டு சப்பாத்தி. "ஒரு சட்டையைப் பாக்கறதுக்கு நாப்பத்தாறு தினார் டிக்கெட்டா?" என்று வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டார் என் கணவர் செந்தில். "சட்டையைப் பாக்கப் போகலீங்க, எங்க மூணு பேரு பொழப்பைப் பாக்கப் போறேன்" என்றேன். முஹரக் விமான நிலைய வாசலில் இறக்கிவிட்டு, திரும்பி வரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போனார்.

நான் ஈரோட்டுக்காரி. பதினோரு வருஷமாக இந்த வளைகுடாத் தீவில், ஈசா டவுனில் ஒரு சின்னத் தையல் கடையை நடத்துகிறேன். துணி வெட்டுவது நான், தைப்பது செல்வியும் ரோசியும். பள்ளி யூனிஃபார்ம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. வரும் ஏப்ரலிலிருந்து பிள்ளைகளுக்கு ரெடிமேட் யூனிஃபார்ம்தான் என்று முடிவாகிவிட்டது. மூன்று மெஷினையும் விற்றுவிட வேண்டியதுதானா என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோதுதான் மார்க் கடைக்குள் வந்தார்.

மார்க் இங்கே வேலை பார்க்கும் அமெரிக்கர். வார இறுதியில் பேஸ்பால் ஆடும் ஒரு குழுவுக்குச் செயலாளர். பிப்ரவரியில் பழைய பாணியில் ஓர் ஆட்டம் வைக்கிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடிய முதல் அணிகள் எப்படி உடுத்தினவோ, அதே மாதிரி பன்னிரண்டு செட் வேண்டும். திருப்தியாக வந்தால் அவர்களுடைய பிள்ளைகள் அணிக்கும் வருஷா வருஷம் எங்களிடமே தருவதாகச் சொன்னார்.

பேஸ்பாலில் மட்டை உருண்டையாக இருக்கும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண் இல்லையா, முழுக்கால் பேண்ட்டும் முதுகில் பெரிய நம்பரும் வைத்து மாதிரி தைத்து நீட்டிவிட்டேன். மார்க் சிரித்தேவிட்டார். அந்தக் காலத்தில் முதுகில் நம்பரே கிடையாதாம். பேண்ட் முழங்காலோடு நின்றுவிடும், அதற்குக் கீழே நீளக் காலுறையாம். பிறகு சட்டையை உட்புறம் திருப்பிப் பார்த்து, "உள்ளே எதற்கு இவ்வளவு துணி? பழைய சட்டையில் இப்படி இருந்திருக்காது. வெட்டிவிடுங்கள்" என்றார். தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி விடுவது எங்கள் பழக்கம். பிள்ளை வளர்ந்தால் பிரித்துப் பெரிதாக்கலாம். வளர்ந்து முடிந்த ஆறடி ஆளுக்கும் என் கை தன்னால் விட்டுவிட்டது. எனக்கு மானமே போய்விட்டது.

இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். காலுறையும் நெஞ்சில் வரும் எழுத்தும் என்ன நிறம் என்று ஆதாரத்தோடு சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு கடை. அவர் அனுப்பிய போட்டோ எல்லாமே கறுப்பு வெள்ளை. கறுப்பா, நீலமா, சிவப்பா, எதைக் கண்டேன் நான்? வளைகுடாத் தமிழ்த் தையல்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் புலம்பி வைத்தேன். பர் துபாயிலிருந்து முரளி என்பவர் பதில் போட்டார்: "எங்கிட்ட அப்படி ஒரு சட்டை இருக்குதுங்க. வந்து பாருங்க."

ஏழரைக்கு விமானம். சோதனையில் தையல் பிரிக்கிற குட்டிக் கத்தியை எடுத்துக்கொண்டார்கள். அதைப் பைக்குள் மறந்து விட்டது என் தப்புதான். துபாயில் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது, இறங்கும்போது அங்கே ஒன்பதே முக்கால். மெட்ரோ ஏறி, யூனியனில் மாறி, அல் ராஸில் இறங்கினேன்.

பத்தே முக்காலுக்கு ஆப்ரா படகு. கிரீக் என்கிற உப்பங்கழியைக் கடக்க ஒரு திர்ஹம். தை மாதக் காற்று முகத்துக்கு இதமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "அக்கா, தமிழா?" என்று கேட்டார். ராமநாதபுரம் பக்கமாம், சைட்டில் கம்பி கட்டும் வேலை. அன்றைக்கு டூட்டி இல்லை. அடுத்த வாரம் லீவில் ஊருக்குப் போகிறார், மகனுக்குச் சட்டை எடுக்க மீனா பஜார் போய்க்கொண்டிருந்தார்.

"என்ன சைஸுங்க தம்பி?"

"போன தடவை போனப்ப என் இடுப்பு வரைக்கும் இருந்தான். ரெண்டு வருஷமாச்சு. வீடியோ கால்ல உசரம் தெரியலக்கா."

"ரெண்டு சைஸ் பெருசா எடுங்க" என்றேன். தொழில்காரி, வேறென்ன சொல்வேன்? அவர் முகம் மலர்ந்து தலையாட்டினார்.

பதினொன்றே கால். முரளி கோயம்புத்தூர்க்காரர், திரைச்சீலை தைக்கும் கடையில் மாஸ்டர். நாலாவது மாடியில் குடியிருக்கிறார். "வாங்க, வாங்க. சாப்பிட்டுட்டுத்தான் போவோணும்" என்று கதவிலேயே கண்டிஷன் போட்டார்.

"சட்டை எப்படீங்க கெடச்சுது?" என்றேன்.

"இங்க வேலை முடிஞ்சு ஊருக்குப் போறவங்க வீட்டுச் சாமானெல்லாம் வித்துட்டுப் போவாங்களே, அப்படி ஒரு அமெரிக்காக்காரர் வீட்டுல பீரோ வாங்கினேன். அடி டிராயர்ல இது கெடந்துச்சு. அவருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். எங்க பூட்டனோடதுங்க, அந்தக் காலத்துல சம்பளத்துக்கு ஆடினவரு, இதை வெச்சுப் பாத்துக்க இனி ஆளில்லை, நீங்களே வெச்சுக்கோங்கன்னுட்டாருங்க."

மேஜைமேல் விரித்தார். அம்மாடி! கெட்டியான கம்பளி ஃபிளானல், மடித்த காலர். நெஞ்சில் பலகை வைத்த மாதிரி தனித்துண்டு, இரண்டு பக்கமும் பொத்தான். நடுவில் ஒரே ஒரு எழுத்து, கையால் தைத்தது. முழங்காலில் முடியும் பேண்ட். கூடவே ஓர் அணிப் போட்டோ, அதில் எழுத்தும் காலுறையும் ஒரே அழுத்தமான கறுப்பு. சட்டையில் இருந்த எழுத்தோ வெயில் தின்று சாம்பலாகிக் கிடந்தது. காலுறையைக் காணோம். இத்தனை தூரம் வந்து இதுதானா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பழைய துணியின் நிறத்தை மேலே பார்த்துச் சொல்லக்கூடாது, வெயில் படாத மடிப்பில்தான் பார்க்க வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் எழுத்தின் ஓரத்தை நகத்தால் மெல்ல நிமிர்த்தினேன். மடிப்புக்குள் மாதுளை முத்து மாதிரி நல்ல சிவப்பு! போட்டோவில் கறுப்பாக விழுந்தது சிவப்புதான், அப்படியானால் அதே அழுத்தத்தில் இருந்த காலுறையும் சிவப்பு.

"முரளிண்ணா, சிவப்புங்க!" என்று கத்திவிட்டேன். சட்டையின் நிறத்தையும் பார்த்துவிடலாம் என்று உட்புறம் திருப்பினேன். பக்கத் தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டிருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல். அதற்குள்ளே வெயில் படாத பால்வெள்ளை, அதில் வரிசையாகப் பழைய ஊசி ஓட்டைகள். எவரோ இரண்டு தடவை பிரித்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். யாரென்றே தெரியாத அந்தத் தையல்காரரும் நம்மைப் போலத்தான் நினைத்திருக்கிறார்!

அந்தச் சந்தோஷத்தில்தான் செல்வி நினைவுக்கு வந்தாள். மாதிரி பாஸாகிவிடும் என்ற தைரியத்தில், நம்பர் மட்டும் வைக்காமல், இன்னும் ஐந்து சட்டை முன்னமே தைத்து வைத்திருந்தோம். உள்துணியை வெட்டிவிடு என்று செல்வியிடம் நானேதான் சொல்லிவிட்டு வந்தேன். போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தாள்.

"ஏய் செல்வி, கத்திரியைக் கீழ வை!"

"என்னக்கா, எலியா?" என்றாள் அவள். தஞ்சாவூர்க்காரி, எதற்கும் பதற மாட்டாள். "ஒண்ணுதான் வெட்டியிருக்கேன். ரெண்டாவதை இப்பதான் எடுத்தேன்."

மடிப்பு, ஊசி ஓட்டை, சிவப்பு எல்லாவற்றையும் படம் எடுத்து மார்க்குக்கு அனுப்பினேன். ஒரு சட்டையை வெட்டிக் கெடுத்துவிட்டதையும் மறைக்காமல் எழுதினேன். பிறகு முரளி வீட்டில் அரிசியும் பருப்பும் சாதம் சாப்பிட்டேன். என்ன ருசி என்று கேட்டால் தெரியாது, கண் முழுக்க போன்மேல்தான் இருந்தது. திரும்பும் படகிலும் பதில் இல்லை, மெட்ரோவிலும் இல்லை.

ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு, விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது வந்தது. "சிவப்பு. நன்றி. உள்துணி அப்படியே இருக்கட்டும், நான் நினைத்தது தவறு. வெட்டிய சட்டை எனக்கு. நான் இனி வளரப்போவதில்லை." அடுத்த வரியில், "பிள்ளைகள் அணியில் பதினைந்து பேர். திங்கட்கிழமை அளவெடுக்க வரலாமா?"

வரிசையில் பின்னால் நின்றவர் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தும்வரை அதையே படித்துக்கொண்டு நின்றேன். காலையில் இதே பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் வேறு யாரோ என்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்வியை அழைத்தேன்.

"பதினஞ்சு பிள்ளைங்க செல்வி, எல்லாம் வளர்ற பிள்ளைங்க. ரெண்டு விரல் போதாது, மூணு விரல் விடுவோம்."