காட்டு முகப்பில் ஒரு கொப்பு

பெரியமடுவுக்கு அப்பால் காட்டுக்குள் வாழும் வேடர் குடும்பங்களுக்கு மருந்து கொண்டுபோகும் இந்துத் தொண்டுச் சங்கத்தின் சாரதி அவர். மெலிந்த உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு. காடு தொடங்கும் இடத்தில் இறங்கி, யானை மறிக்காதிருக்கப் பிள்ளையாருக்கு ஒரு கொப்பு முறித்து மரத்தில் தொங்கவிடாமல் போகமாட்டார்.

அன்று, "நேரமாகுது ஐயா, இண்டைக்குக் கொப்பை விடுங்கோ" என்று அவசரப்படுத்தியது, கூடப்போன, கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரத் தாதியான நான்தான். அவர் இறங்காமலே ஓட்டினார்.

இரண்டாம் வளைவில் தனி யானை நின்றது. அவர் எஞ்சினை நிறுத்தினார். ஸ்டியரிங்கில் கை நடுங்கியது.

"கொப்பு முறிச்சிருந்தால் இது வந்திருக்காதோ?" என்று முணுமுணுத்தேன்.

"தெரியாது தங்கச்சி. முறிச்சால் எனக்குக் கை நடுங்காது."

நெடுநேரம் கழித்தே யானை விலகியது.

அடுத்த முறை, காட்டு முகப்பில் வாகனம் நிற்குமுன்பே நான் இறங்க என் பக்கக் கதவைத் திறந்துவிட்டேன்.