ஆற்றின் குறுக்கே ஒரு கோடு

எனக்குத் தண்ணீரென்றால் பயம். மானிப்பாயில் கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்தவள் நான். கோயில் கேணியில் இரண்டு படிக்கு மேல் இறங்கமாட்டேன். ஆனால் அந்தக் கார்த்திகை மாதம் நான் பட்ட பயம் வேறு. சோறு இறங்கவில்லை. ஃபோன் அடித்தால் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். படிவமொன்றில் நான் போட்ட ஒரேயொரு சரி அடையாளத்தால் ஒரு பிள்ளை செத்துப்போகலாம் என்று தெரிந்த பிறகு யாருக்குத்தான் சோறு இறங்கும்?

வலயக் கல்வி அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக எனக்கு நியமனம் கிடைத்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. நிரந்தரமாக்கும் கடிதம் இன்னும் வரவில்லை. மாகாணத்திலுள்ள எல்லாப் பாடசாலைகளையும் வரைபடத்தில் ஏற்றும்படி உத்தரவு வந்து, எங்கள் வலயத்தில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு பாடசாலைக்கும் போய், அதிபரின் அறை வாசலில் நின்று, ஃபோனில் இடத்தைப் பதியவேண்டும். பிறகு அது என்ன வகை என்று எழுதவேண்டும். உயர்தரம் வரை உள்ளதா, பதினோராம் வகுப்போடு நிற்கிறதா, ஐந்தாம் வகுப்போடு முடிகிற சின்னப் பள்ளிக்கூடமா என்று. அதற்குப் பிறகு ஆகக் கிட்டிய அடுத்த பாடசாலையை ஃபோனே தேடிப் பிடித்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு நேர்கோடு போடும். கோட்டுக்குக் கீழே ஒரு கேள்வி இருக்கும்: பிள்ளைகள் போய்வரப் பாதை உண்டா? உண்டென்றால் ஒரு சரி போடவேண்டும், அவ்வளவுதான்.

எனக்கோ தலைகால் தெரியாத புளுகம், அப்படியொரு சந்தோசம். மேசையில் குந்திக் கோப்புகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தவளுக்கு ஊர் சுற்றுகிற வேலை கிடைத்தால் வேறெப்படி இருக்கும்? தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக ஸ்கூட்டியில் பறந்தேன்.

அந்தப் பள்ளிக்கூடம் அச்சுவேலிக்கும் அங்கால், கடல்நீரேரிக் கரையில் இருந்தது. ஊர்ச்சனம் அந்த ஏரியை ஆறு என்றுதான் சொல்லும். ஐந்தாம் வகுப்பு வரை மொத்தம் பன்னிரண்டு பிள்ளைகள். நான் போனது ஆடி மாதம். அதிபர் கூட்டமொன்றுக்குப் போயிருந்தார். ஆசிரியை ஒருவர் அறையைத் திறந்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். பின்பக்கம் எட்டிப் பார்த்தால் ஆறு காய்ந்து, வெடித்து, வெள்ளையாய் உப்புப் பூத்துக் கிடந்தது. அதன் நடுவால் சைக்கிள் தடம் ஒன்று போயிற்று. பெண்ணொருத்தி கத்தரிக்காய் மூட்டையைச் சைக்கிளில் கட்டி, அந்தத் தடத்தால் சந்தைக்கு மிதித்துப் போனாள். அக்கரையில் பெரிய பாடசாலையின் மாடி தெரிந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. ஸ்கூட்டியை அதே தடத்தில் விட்டேன். ஐந்தே நிமிடத்தில் அக்கரை. திரும்பி வந்து, எனக்குள்ளேயே, கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு சரி போட்டேன்.

மாரி வந்தால் அங்கே என்ன நடக்கும் என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயத்தை ஓர் உத்தியோகத்தருக்குப் போய் யார் சொல்வார்கள்?

கார்த்திகையில் ஒருநாள் பக்கத்து மேசை அண்ணை ஒரு பட்டியலை நீட்டினார். தை மாதத்திலிருந்து மூடி, கிட்டிய பாடசாலையோடு சேர்த்துவிடப்போகும் சின்னப் பள்ளிக்கூடங்களின் பட்டியல் அது. வெளியே மூன்றாம் நாளாக மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, இந்த ஆத்தங்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் பாதை உண்டெண்டு நீங்களோ போட்டனீங்கள்?"

"ஓம் அண்ணை. நானே ஸ்கூட்டியிலை போய்ப் பாத்தனான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எப்ப போனனீங்கள்?"

"ஆடியிலை."

"அட கடவுளே! இப்ப ஒருக்காப் போய்ப் பாருங்கோ. உங்கடை ஸ்கூட்டி தண்ணிக்கு அடியிலை தாண்டுபோகும்."

பெற்றோருக்குக் கடிதங்கள் போய் இரண்டு கிழமை ஆகியிருந்தது. பாலத்தால் சுற்றிப் போனால் அக்கரைக்குப் பத்துக் கிலோமீற்றர் என்றும், அந்த வழியில் பஸ் இல்லை என்றும் அவரே சொன்னார். உடனே போய்ப் பணிப்பாளரிடம் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் நான் என்ன செய்தேன்? வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மூன்று நாட்கள் அப்படியே இருந்தேன். நிரந்தரமாக்கும் கடிதம் வராமல் போய்விடும் என்று பயந்தேன். நாலாம் நாள் காலை, யாரோ ஒருவர் எங்கோ வாய்க்காலில் அள்ளுப்பட்டுப் போனார் என்று வானொலியில் சொன்னார்கள். அதற்கு மேல் வீட்டில் இருக்க முடியவில்லை. மழை அங்கியைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

ஆற்றைப் பார்த்ததும் ஸ்கூட்டியை அணைக்கவும் மறந்து நின்றேன். அக்கரை வரை சேற்று நிறத் தண்ணீர். நான் போன தடம் இருந்த இடத்தில் அலை அடித்தது.

கரையில் ஒரு தாய் நின்றாள். சேலையை முழங்காலுக்கு மேல் சொருகியிருந்தாள். தண்ணீருக்குள் ஆறேழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, நெஞ்சளவில், பல்லுக் கிட்டி நின்றது. பிள்ளையின் இடுப்பில் மாட்டுக்கயிறு. மறுமுனை தாயின் கையில்.

"ஐயோ, என்ன செய்யிறியள்? பிள்ளையை வெளியிலை எடுங்கோ!" என்று கத்தினேன்.

"தையிலை இருந்து அங்காலைதானே பள்ளிக்கூடம், மிஸ். இப்பவே பழக்கினால்தான் சரி."

"ஆர் உங்களுக்குத் தண்ணிக்குள்ளாலை போகச் சொன்னது?"

அவள் சட்டைக்குள்ளிருந்து பொலித்தீன் பையில் சுற்றிய கடதாசியை எடுத்தாள். எங்கள் அலுவலகக் கடிதம். அடியில் வரைபடத்தின் பிரதி. இரண்டு புள்ளிகள், நடுவில் ஆற்றை வெட்டிக்கொண்டு போகும் என் கோடு.

"உதிலை கோடு போட்டிருக்கு. உதாலைதான் போகவேணும் எண்டு அரசாங்கமே போட்டிருக்கு. எங்கடை அதிபரும் ஏலாதெண்டு எழுதிப் போட்டவர், மறுமொழி இல்லை. இவளின்ரை அப்பா கொழும்பிலை மேசன் வேலை. பாலத்தாலை பத்துக் கிலோமீற்றர் சுத்தி ஆர் கொண்டுபோய் விடுறது? விடாட்டிப் பேரை வெட்டிப்போடுவினம்."

அவள் கோபப்படவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. பேசாமல் திரும்பிப் போயிருக்கலாம். அவளுக்கு என்னை யாரென்று தெரியாது. ஆனால் பிள்ளையின் உதடு நீலமாய் இருந்தது.

"அந்தக் கோடு நான் போட்டது, அக்கா," என்றேன். "கோடையிலை வந்து பாத்திட்டுப் பாதை உண்டெண்டு போட்டிட்டன். பிழை என்ரை."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கயிற்றை இழுத்துப் பிள்ளையைக் கரைக்கு எடுத்தாள். முடிச்சை அவிழ்த்தாள். ஈரக் கயிற்றைக் கொண்டுவந்து என் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். முதலில் சேறு காலைப் பிடித்தது. முழங்கால், தொடை, இடுப்பு. குளிரில் மூச்சு நின்று நின்று வந்தது. முருகா முருகா என்று வாய்விட்டே சொன்னேன். ஃபோனைத் தலைக்கு மேல் பிடித்திருந்தேன். எதற்கென்று எனக்கே தெரியாது. தண்ணீர் கழுத்துக்கு வந்ததும் இழுப்புத் தெரிந்தது. காலின் கீழ் நிலம் ஒரு தடவை இல்லாமல் போய், திரும்ப வந்தது. நான் அழத் தொடங்கிவிட்டேன்.

"அக்கா, போதும்! இழுங்கோ!"

கரையிலிருந்து அவள் குரல் கேட்டது. "இன்னும் போங்கோ, மிஸ். காவாசிகூடப் போகேல்லை."

பிறகு இழுத்தாள். கரையில் விழுந்து கிடந்து இருமினேன். அவள் தன் துவாயால் முதலில் பிள்ளையின் தலையைத் துடைத்தாள், பிறகு என் தலையை.

அந்த ஈரத்தோடே அலுவலகத்துக்குப் போனேன். வலயப் பணிப்பாளர் நல்ல மனிதர். கதிரையில் இருத்தித் தேத்தண்ணி எடுப்பித்தார். எல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"கோடையிலை போகலாம்தானே, பிள்ளை? அப்ப உங்கடை படிவம் பிழையெண்டு இல்லை. பிழையெண்டு நீங்களாய் எழுதித் தந்தால் நான் மேலை அனுப்பவேணும். விளக்கம் கேப்பினம். நிரந்தரமாக்கிறது இழுபடும். யோசிச்சு எழுதுங்கோ."

யோசித்தால் எழுதமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அங்கேயே கடதாசி வாங்கி எழுதினேன். அவர் சொன்னபடியே விளக்கம் கேட்டார்கள், நிரந்தரமாக்குவதும் இழுபட்டது. ஆனால் பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் ஒரு பதிலும் இல்லை. மார்கழி முழுக்க மழை. ஒவ்வொரு நாளும் நாட்காட்டியைப் பார்ப்பேன், தைக்கு இன்னும் எத்தனை நாள் என்று. யார் அவசரமாகக் கூப்பிட்டாலும் அந்தப் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைப்பேன்.

மார்கழிக் கடைசியில் கடிதம் வந்தது. அந்தப் பாடசாலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். தபாலுக்குக் கொடுக்க மனமில்லை. ஒரு பிரதியை நானே கொண்டு ஓடினேன்.

அந்தத் தாய் ஆற்றங்கரையில்தான் நின்றாள். கடிதத்தை ஆற அமர இரண்டு தரம் வாசித்தாள். பின்பக்கம் திருப்பி வரைபடம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தாள். "சந்தோசம், மிஸ்," என்றாள். அவளுக்குப் பின்னால் தண்ணீருக்குள் பிள்ளை வெறும் பிளாஸ்ரிக் கலனொன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலை அடித்துக்கொண்டிருந்தது.

"இனி ஏனக்கா இது? பள்ளிக்கூடம் இங்கைதானே?"

அவள் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தாள்.

"நீந்தப் பழகட்டும், மிஸ். அடுத்த வருஷமும் ஆராவது கோடு போட வருவினம்தானே."