சண்டை வராத தலைப்பு

இலங்கையில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். பேர்லின் நகரின் நொய்கெல்ன் பகுதியில் ஒரு தமிழ்க் கடையின் பின்னறையில் மாதம் ஒருமுறை கூடுவோம். வாசிப்பு வட்டம் என்று பெயர். ஊரில் ஆயுத இயக்கங்களில் இருந்த பழைய இயக்கக்காரர்கள், இடதுசாரிகள், எதிலும் சேராமல் உணவகத்தில் கோப்பை கழுவிய என்னைப் போன்றவர்கள் என்று ஒரு கலவை. எங்கள் ஆட்களின் கூட்டம் எதுவானாலும் இறந்தவர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்தித்தான் தொடங்கும். யார் யாருக்கு என்று சொல்கிற இடத்தில் சண்டையும் தொடங்கும்.

எங்கள் சண்டை ஒரு அக்காவைச் சுற்றியது. அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்தவர். அவருடைய கணவர் ஊரில் ஒரு சிறிய இடதுசாரிக் கட்சியில் இருந்தவர். அவரைச் சுட்டுக் கொன்றது இராணுவம் அல்ல, எங்கள் இயக்கங்களில் ஒன்று. அஞ்சலியில் அவர் பெயரையும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அக்கா கேட்டது. வட்டத்தை நடத்திய அண்ணை அதே இயக்கத்தில் இருந்தவர். சுட்டது அவரில்லை. ஆனாலும் பெயர் என்று வந்தால், பொதுவாகச் சொல்லுவோம் என்று மழுப்பிவிடுவார்.

வட்டம் உடைகிற நிலைக்கு வந்தது. எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றைப் பேசினால் சூடு ஆறிவிடும் என்று அண்ணை அமெரிக்க சோசலிசக் கட்சியின் வரலாற்றைத் தேர்ந்தெடுத்தார். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பேச வந்தவர் பேர்லினிலேயே தங்கிவிட்ட ஒரு அமெரிக்கக் கிழவர். அவருடைய தந்தை அந்தக் கட்சிக்காரர். அவர் ஜெர்மனில் பேச, நான் தமிழில் சொன்னேன். கட்சி முதலாம் உலகப் போரை எதிர்த்தது, அதன் தலைவர் சிறையில் இருந்தபடியே ஜனாதிபதித் தேர்தலில் நின்றது, இலட்சக்கணக்கானோர் அவருக்கு வாக்களித்தது எல்லாம் வந்தன. அண்ணை தலையாட்டி ரசித்தார். பிறகு பேச்சு ரஷ்யப் புரட்சிக்கு வந்தது, அதைப் பற்றிய சண்டையில் கட்சி உடைந்தது. உடைந்த துண்டுகளும் உடைந்தன. அண்ணையின் தலையாட்டல் நின்றுவிட்டது.

தன் தந்தை ஒரு பக்கம், சித்தப்பா மறு பக்கம் என்றார் கிழவர். ஒரே தெருவில் இருந்தும் பேச்சுவார்த்தை இல்லை. சித்தப்பா இறந்தபோது தந்தை செத்தவீட்டுக்குப் போகவில்லையாம்.

அக்கா என்னைப் பார்த்தார். "எங்கட செத்தவீட்டுக்கு வந்தவை. என்ர மனுசனைச் சுட்ட ஆக்களே வந்து மாலை போட்டவை. அந்த ஐயாவுக்குச் சொல்லுங்கோ."

"அது தேவையில்லை, விடுங்கோ," என்றார் அண்ணை.

எனக்குக் கோபம் வந்தது. அக்கா சொன்னதை ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் சொன்னேன். கிழவர், இறந்தவரின் பெயர் என்ன என்று அக்காவிடமே கேட்டார். அவ்வளவு ஜெர்மன் அக்காவுக்குத் தெரியும். கணவரின் பெயரைத் தகப்பன் பெயரோடும் ஊரோடும் சேர்த்து நிதானமாகச் சொன்னார். அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழவருக்கு உச்சரிப்பு பிடிபடவில்லை, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அக்கா இன்னும் உரக்கச் சொன்னார்.