சளி என்று சொல்லும் ஊரில்

மெல்போர்னுக்குக் குடிவந்த புதிதில் ஒருநாள் டிராமில் என் எதிரே கோட் போட்டு உட்கார்ந்திருந்தவர், படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டு, பையிலிருந்து நீல நிறப் பஃபரை, அதாவது நம்மூர் இன்ஹேலரை, எடுத்து வாயில் வைத்து இரண்டு முறை இழுத்தார். பிறகு மறுபடியும் பேப்பர். யாராவது பார்த்துவிட்டார்களோ என்று நான்தான் சுற்றுமுற்றும் பார்த்தேன். "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். "இல்லையே, ஆஸ்துமாதான்" என்றார். நான் ஏன் கேட்டேன் என்று அவருக்கும், அது எப்படிப் பதிலாகும் என்று எனக்கும் விளங்கவில்லை.

எங்கள் கோவைப் பக்கம் பெண் குழந்தைக்கு ஆஸ்துமா என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சளி என்பார்கள். நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாதே! தொண்ணூறுகளின் நடுவில் ஏழு வயது மகள் நித்யாவோடு விடுமுறைக்குப் போயிருந்தேன். மதுக்கரையில் அக்கா கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். ஹோமப் புகையும் சிமென்ட் தூசியும் சேர்ந்து குழந்தைக்கு இளைப்பு வந்துவிட்டது. கைப்பையைத் துழாவினால் பஃபரைக் காணோம்.

"சொந்தபந்தமெல்லாம் வாராங்க, அவங்க முன்னால அதெதுக்குன்னு நாந்தான் எடுத்துப் பழைய ஊட்ல வெச்சுப்போட்டேன் அம்மணி" என்றாள் அக்கா. பழைய வீடு ஊரின் மறுகோடியில் இருந்தது.

பக்கத்து நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உறவுக்காரர்களில் பாதிப் பேர் கூடவே வந்துவிட்டார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தையின் விலா உள்ளே குழிந்தது. அவளால் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடியவில்லை.

"இதுக்கு முன்னால இப்படி வந்திருக்குதுங்களா? மருந்து ஏதாச்சும் சாப்புடுதுங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

அக்கா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தண்ணி மாறினதுல வந்த சளிங்க."

டாக்டர் நர்ஸிடம் தியோஃபிலின் ஊசி எடுக்கச் சொன்னார். ராத்திரி இளைக்காமலிருக்க நித்யாவுக்குத் தினமும் கொடுத்துவந்த சிரப்பும் அதே தியோஃபிலின்தான். அன்று காலையிலும் கொடுத்திருந்தேன்.

"நிறுத்துங்க டாக்டர். இவளுக்கு மூணு வருசமா ஆஸ்துமா. தியோஃபிலின் சிரப் காத்தால குடுத்திருக்கறனுங்க."

எல்லார் காதிலும் விழும்படி சத்தமாகவே சொன்னேன். டாக்டர் நர்ஸ் கையிலிருந்த ஊசியைக் கீழே வைக்கச் சொன்னார். "இதை மொதல்லயே சொல்லோணுமுங்க. அதுக்கு மேல இதையும் போட்டிருந்தா ஃபிட்ஸ் வந்திருக்கும்" என்றார். உடனே ஆக்ஸிஜனும், நெபுலைசரில் சால்புடமாலும் வைத்தார். ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துப் புகட்டச் சொன்னார்.

அக்காமேல் எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. ஆனால் அவள் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். என் மகளின் நல்லதை நினைத்துத்தான் மறைத்திருக்கிறாள். அதனால்தான் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் மூச்சு சீரானது. நித்யா மாஸ்க்கை ஒதுக்கிவிட்டு என் காதருகே கேட்டாள்.

"இங்க சளி, அங்க ஆஸ்துமா. ஏரோப்ளேன்ல யாராச்சும் கேட்டா என்னன்னும்மா சொல்றது?"